மாரா: மாரியம்மாளா, மரியம்மாளா?

ரீகாவில் இருக்கும் உங்கள் அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அண்ணி லாத்வியர், குழந்தைக்கு ‘மாரா’ என்று பெயர் வைக்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்பத்தா “நம்ம மாரியாத்தா பேருதான்” என்று பூரித்துப்போய் மாவிளக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். சித்தப்பாவோ புத்தரைக் கெடுக்க வந்த மாரன் பெயரை யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா என்கிறார். எபிரேயத்தில் அதற்குக் ‘கசப்பு’ என்று பொருள் என உங்கள் தோழி சொல்லிவிட்டார். பெயரை இன்னும் பதியவில்லை, அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி.

சொல்லாதீர்கள். அது நல்ல பெயர். லாத்வியர்களின் வாய்க்கு மிக நெருக்கமான பெயர். மூன்று பேர் சொன்னதும் சரியில்லை, ஆனால் அப்பத்தா மட்டும் ஒரு காலில்தான் தவறியிருக்கிறார். இந்தப் பெயருக்குத் தமிழ்நாட்டில் ஒரு ரத்த உறவு இருக்கிறது. அவள் மாரியம்மாள் இல்லை, மரியம்மாள்.

ரீகாவில் பதினோரு வருடம் இருந்தேன். அந்த மொழியைப் படித்து அதிலேயே வேலையும் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குழந்தையின் அத்தை நீங்கள். நாளைக்கு அவள் “என் பெயர் எங்கிருந்து வந்தது” என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

முதலில் உச்சரிப்பு. லாத்விய மொழியில் அநேகமாக எல்லாச் சொற்களுக்கும் அழுத்தம் முதல் அசையில்தான். இந்தப் பெயரில் முதல் ‘மா’ நெடில், கடைசி ‘ர’ குறில். நெடிலைக் காட்ட எழுத்தின் தலையில் ஒரு கோடு போடுவார்கள். அதைக் ‘கரும்ஸீமே’, அதாவது நீட்டல் குறி, என்கிறார்கள். ஆகவே ஒலிப்படி எழுதினால் ‘மார’ என்றுதான் எழுத வேண்டும். தமிழில் பெண்பெயர் அப்படி முடிந்தால் பாதியில் நின்றதுபோல் இருக்கும் என்பதால் நாம் மாரா என்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் லாத்வியக் காதில் கடைசி எழுத்தையும் நீட்டினால் அது வேற்றுமை உருபாகிவிடும், ‘மாராவில்’ என்று பொருள் வரும். அண்ணி வீட்டாரோடு பேசும்போது கடைசியைக் குறுக்கிச் சொல்லுங்கள். அவர்கள் முகம் மலர்வது தெரியும்.

இனி சித்தப்பாவின் மாரன். அவன் ‘மிரு’ என்ற சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவன். சாவது, சாகடிப்பது என்று பொருள். மணிமேகலையில் புத்தரை மாரனை வென்றவர் என்று போற்றுகிறார்களே, அதே மாரன்தான். சமஸ்கிருதமும் லாத்விய மொழியும் தூரத்துச் சகோதரிகள் என்பதால் சித்தப்பாவுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. லாத்விய மொழியில் நெருப்புக்கு ‘உகுன்ஸ்’ என்று பெயர், நம் அக்கினி. புகைக்குத் ‘தூமி’, நம் தூமம். கடவுளுக்குத் ‘தியெவ்ஸ்’, நம் தேவன். இப்படி எத்தனையோ சொற்கள் கேட்கக் கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் மாரனின் வேருக்கு அங்கே இருக்கும் உறவு ‘மிர்த்’ என்ற வினைச்சொல். இறத்தல் என்று பொருள். மாரா என்ற பெயருக்கும் அதற்கும் ஒட்டில்லை. ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு வந்துவிடாது, உறவு இருப்பதால் ஒலி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சொற்பிறப்பு பார்க்கிறவர்கள் முதலில் கற்கும் பாடம் இது.

தோழி சொன்ன ‘கசப்பு’ விவிலியத்தில் உள்ளது. ரூத் ஆகமத்தில் கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு பெத்லகேமுக்குத் திரும்பி வரும் நகோமி, தன்னை இனி மாராள் என்று கூப்பிடச் சொல்கிறாள். யாத்திராகமத்தில் மாரா என்ற இடத்துத் தண்ணீர் கசக்கிறது. எபிரேயத்தில் அது உண்மை. உலகத்தில் அந்த வழியில் மாரா என்று பெயர் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. லாத்விய மாரா அந்த வழியில் வந்தவள் இல்லை. அங்கே இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் கசப்பு நினைவுக்கு வராது. பால், பசு, தாய், மண் என்றுதான் நினைவு ஓடும்.

ஏன் அப்படி என்பதற்கு எண்ணூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

ரீகா நகரத்தை 1201இல் நிறுவியவர் ஆல்பர்ட் என்ற ஜெர்மானிய ஆயர். வாளோடு வந்த சமயம் அது. பால்டிக் கடற்கரை மக்களை மதம் மாற்ற சிலுவைப்போர் வீரர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். 1211இல் ரீகாவில் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், அது மரியாளின் பெயரில் எழுந்தது. 1215இல் ரோமில் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுக்கூட்டம் கூடியபோது ஆல்பர்ட் போப்பாண்டவர் மூன்றாம் இன்னசெண்டிடம் தான் பிடித்த நிலம் முழுவதையும் மரியாளுக்கு உரியது என்று ஒப்படைத்தார். லத்தீனில் அதற்குத் ‘தெர்ரா மரியானா’ என்று பெயர், மரியாளின் நிலம். இன்றைய லாத்வியாவும் எஸ்தோனியாவும் அதில் அடங்கும். எஸ்தோனியர்கள் இன்றைக்கும் தம் நாட்டைச் செல்லமாக ‘மார்யமா’ என்பார்கள். லாத்வியர்கள் ‘மாராஸ் ஸெமே’ என்பார்கள், மாராவின் மண். கவிதையிலும் மேடைப் பேச்சிலும் அடிக்கடி காதில் விழும்.

மரியா என்ற வெளிநாட்டுப் பெயர் உழவர்கள் வாயில் தேய்ந்து மாரா ஆயிற்று. லாத்வியாவின் கிழக்குப் பகுதியான லாத்கலேயில் நெடில் ஆகாரம் வேறு மாதிரித் திரியும், அங்கே அவள் ‘முவோரா’. தமிழ்நாட்டிலும் இதுதானே நடந்தது? போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மரியா நம் கடற்கரையில் மரியம்மாள் ஆனாள், மரியாயி ஆனாள். வெளியே இருந்து வந்த பெயருக்கு நம் ஊர்த் தாய் வாசம் ஏறியது. அங்கேயும் அப்படித்தான். ஆனால் லாத்வியாவில் நடந்தது இன்னும் ஒரு படி ஆழமானது.

1520களில் ரீகா லூத்தரன் வழிக்கு மாறியது. காலப்போக்கில் நாட்டின் பெரும்பகுதியும் அந்த வழிக்குப் போயிற்று. லூத்தரன் போதகர்கள் மரியாளிடம் வேண்டுவதை ஒப்புக்கொள்ளவில்லை. சொரூபங்கள் போயின, மெழுகுவர்த்தி போயிற்று. கோயிலில் மரியாளுக்கு இடமில்லாமல் போனது. என் கணிப்பு, அங்கே பலரும் ஏற்றுக்கொண்டதும்கூட, இதுதான்: கோயிலிலிருந்து வெளியேற்றப்பட்ட மரியாளை உழவர் வீட்டுப் பெண்கள் மாட்டுத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போதகரின் கண் படாத இடம் அது. பால் கறக்கிறவள் கேட்கும் ஒரே ஆள் மாரா. கன்று ஈனும் பசுவுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் மாரா. நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு போனபின் அவள் பெத்லகேமில் பிள்ளை பெற்றவள் என்பது மறந்துபோயிற்று. பழைய மண்ணில் அதற்கு முன்பே இருந்த தாய்த்தெய்வங்களின் வேலையெல்லாம் அவள் தலையில் வந்து சேர்ந்தது.

இதெல்லாம் நமக்குத் தெரிவது பாட்டுகளால். லாத்வியர்களின் நாட்டுப்பாடல்களுக்குத் ‘தைனா’ என்று பெயர். பெரும்பாலும் நான்கே அடி. வயலில், தொழுவத்தில், கல்யாணத்தில், சாவில் பெண்கள் பாடியவை. அவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியவர் க்ரிஷ்யானிஸ் பாரொன்ஸ், 1835இல் பிறந்து 1923இல் மறைந்தவர். மாஸ்கோவில் வீட்டு ஆசிரியராக இருந்துகொண்டு, ஊர் ஊராக மக்கள் எழுதி அனுப்பிய பாடல்களை விரல் அகலச் சீட்டுகளில் பிரித்து எழுதினார். அவற்றைப் போட்டு வைக்க 1880இல் எழுபது இழுப்பறைகள் கொண்ட ஒரு மர அலமாரி செய்வித்தார். 1894 முதல் 1915 வரை ஆறு தொகுதிகளாக அச்சில் வந்தன, மொத்தம் 2,17,996 பாடல்கள். 2001இல் யுனெஸ்கோ அந்த அலமாரியை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. இப்போது ரீகாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அண்ணனைப் பார்க்கப் போனால் அவசியம் போய்ப் பாருங்கள். நம் ஊரில் நெல்லு மிஷின் அருகே நின்று பாட்டி பாடியதை யாராவது இப்படிச் சீட்டு சீட்டாக எழுதி வைத்திருக்கக்கூடாதா என்று எனக்கு அங்கே நின்றபோது நெஞ்சு அடைத்தது.

அந்தப் பாடல்களில் வரும் மாராவுக்கு இரண்டு அடைமொழிகள் உண்டு: ‘மீல்யா மாரா’, அன்பான மாரா, ‘ஸ்வேதா மாரா’, புனித மாரா. பாடுகிறவள் அவளைத் தொழுவத்துக்குள் வரச் சொல்வாள், பசுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்வாள். பிள்ளைப்பேற்றிலும் அவள் இருப்பாள். அந்தக் காலத்தில் லாத்வியக் கிராமங்களில் பிரசவம் நடந்த இடம் ‘பிர்த்ஸ்’ எனப்படும் மரத்தாலான நீராவிக் குளியல் கொட்டில். வீட்டிலேயே சூடும் வெந்நீரும் தனிமையும் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். ஆண்களுக்கு அங்கே அப்போது இடமில்லை. வலி எடுத்த பெண் அழைத்தது லைமாவையும் மாராவையும். லைமா விதியை எழுதுகிறவள், நம்பிக்கையும் நல்ல காலமும் அவள் கையில். சில வட்டாரப் பாடல்களில் லைமா வரும் இடத்தில் மாரா வருவாள், மாரா வரும் இடத்தில் லைமா. பாடிய பெண்களுக்கு அது குழப்பமாகத் தோன்றியதே இல்லை.

இங்கேதான் ஒரு பழைய வழக்கு தொடங்குகிறது. மாரா கிறிஸ்தவ மரியாளா, அதற்கும் முந்தைய தெய்வமா? 1920களில் எர்னெஸ்ட்ஸ் ப்ராஸ்தின்ஷ் என்ற ஓவியர், கிறிஸ்தவத்துக்கு முந்தைய லாத்வியச் சமயத்தை மீட்டெடுக்க வேண்டும் என்று ‘தியெவ்துரீபா’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அதில் தியெவ்ஸ், மாரா, லைமா மூவரும் முதன்மை. உயிர் தியெவ்ஸுக்கு, உடல் மாராவுக்கு என்பது அவர்கள் பார்வை. சோவியத் ஆட்சி 1940இல் அவரைக் கைது செய்து 1942இல் சுட்டுக் கொன்றது. இயக்கம் வெளிநாடுகளில் தப்பிப் பிழைத்து இன்றும் இருக்கிறது. அவர்களிடம் போய் மாரா மரியாளின் பெயர் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அவள் மண்ணின் தாய், மண்ணளவு பழையவள்.

அவர்கள் மனதை நான் மதிக்கிறேன். ஆனாலும் பெயர் மரியாளுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. பழைய உழவர் நாட்காட்டியில் மாராவின் நாட்களைப் பாருங்கள்: பிப்ரவரி 2, மார்ச் 25, ஆகஸ்ட் 15. மரியாளின் திருநாட்கள் அப்படியே. மார்ச் 25, வானதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாள். கிராமத்தார் அதை ‘முட்டைக்கோஸ் மாரா’ என்று கூப்பிட்டார்கள், அன்றைக்கு முட்டைக்கோஸ் விதை போட்டால் நன்றாகக் கட்டும் என்று. ஆகஸ்ட் 15 விண்ணேற்பு, அது ‘பெரிய மாரா’. கோயில் நாள் தோட்ட நாளாக மாறிய விதம் இதிலேயே தெரிகிறது.

இன்னொரு சாட்சி ஒரு பூச்சி. பொறிவண்டுக்கு லாத்விய மொழியில் ‘மாரீதே’ என்று பெயர், ‘சின்ன மாரா’. ஜெர்மானியர்களும் பொறிவண்டை மரியாளின் வண்டு என்கிறார்கள், ஆங்கிலப் பெயரிலும் ‘அன்னை’ ஒளிந்திருக்கிறாள். ஐரோப்பா முழுக்க அந்தச் சிவப்பு வண்டு மரியாளுக்கு உரியது. லாத்வியப் பிள்ளைகள் அதை விரல் நுனியில் ஏற்றிவிட்டுப் பறக்கச் சொல்லிப் பாடுவார்கள். இரண்டு புள்ளிப் பொறிவண்டு 1991இல் லாத்வியாவின் தேசியப் பூச்சியாக அறிவிக்கப்பட்டது. உங்கள் மருமகளை வீட்டில் ‘மாரீதே’ என்று செல்லமாகக் கூப்பிடப்போகிறார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது தனிப் பெயராகவும் வழங்குகிறது. பொறிவண்டு படம் போட்ட சட்டை, குடை, பை எல்லாம் அவளுக்கு வந்து குவியும்.

ஆக, பெயர் வெளியே இருந்து வந்தது, அதைத் தாங்கியவளுக்குள் வந்தவளும் உண்டு, அங்கேயே இருந்தவளும் உண்டு. உங்கள் அப்பத்தாவிடம் இதைச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன். மாரியும் மாராவும் ஒரே சொல் இல்லை. நம் மாரி மழை, தமிழ்ச் சொல். இரண்டையும் ஒன்று என்று காட்டச் சிலர் நீளமாக எழுதுகிறார்கள், அதை நம்ப வேண்டாம். ஆனால் மாட்டுக்கும் பிள்ளைக்கும் நோய் வராமல் பார்த்துக்கொள் என்று இரண்டு ஊர்ப் பெண்களும் தனித்தனியே ஒரு தாயிடம் கேட்டிருக்கிறார்கள். மாவிளக்கு நேர்ந்தது நேர்ந்ததாகவே இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு இடும் பெயராக மாரா பரவியது மிகப் பிந்தியே. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் லாத்வியர்கள் தங்களை ஒரு மக்களாக உணரத் தொடங்கினார்கள். அதுவரை ஜெர்மானியப் பண்ணையார்களின் கீழ் உழைத்தவர்கள். பண்ணை அடிமைத்தனம் மேற்கே கூர்லாந்தில் 1817இலும் வடக்கே லிவோனியாவில் 1819இலும் லாத்கலேயில் 1861இலும்தான் ஒழிந்தது. அந்த விழிப்புக்குப் பிறகு பெற்றோர்கள் ஆன்னா, இல்ஸே, கிரியெதா போன்ற திருச்சபைப் பெயர்களுக்குப் பக்கத்தில் தங்கள் மொழியிலேயே பொருள் சொல்லும் பெயர்களைத் தேடினார்கள். விடியலைக் குறிக்கும் ஆவுஸ்மா, மரப்பிசின் கல்லான அம்பரைக் குறிக்கும் த்ஸிந்த்ரா. 1888இல் வந்த ஆந்த்ரேய்ஸ் பும்புர்ஸின் காவியத்திலிருந்து லைம்தொதா என்ற பெயரைப் பெண்களுக்கு வைத்தார்கள். பாட்டிலிருந்து மாராவும் லைமாவும் தொட்டிலுக்கு வந்தது இந்தக் காற்றில்தான். நம்மூரில் தனித்தமிழ் இயக்கத்தில் கயல்விழியும் பூங்குழலியும் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாழ்வில் தெரிந்த மாராக்கள் பலர் 1940, 50களில் பிறந்தவர்கள். நாடக இயக்குநர் மாரா கிமெலே 1943இல் பிறந்தவர். ஜெர்மானிய நாடக உலகத்தோடு பழகிய ஆஸ்யா லாட்சிஸின் பேத்தி. மாரா ப்ராஷ்மனே 1944இல் பிறந்தவர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ரீகாவின் இளைஞர்களை, தெருக்களை, சந்தையை அவர் எடுத்த கறுப்புவெள்ளைப் படங்கள் இல்லாமல் அந்தக் காலத்தை இன்று யாரும் கற்பனைகூடச் செய்ய முடியாது. கவிஞர் மாரா சாலீதே 1952இல் சைபீரியாவின் க்ரஸ்னயார்ஸ்க் பகுதியில் பிறந்தார். நாடு கடத்தப்பட்ட குடும்பம். பனிக்காட்டில் பிறந்த பெண்ணுக்கு, போக முடியாத சொந்த மண்ணின் பெயர். 1988இல் விடுதலைக் குரல்கள் எழுந்தபோது பும்புர்ஸின் அந்தப் பழைய காவிய வீரனை வைத்து அவர் எழுதிய ராக் ஓபரா மேடையேறியது.

நாடு கடத்தல் என்றதும் தேதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லாத்வியாவில் எல்லாப் பெயர்களுக்கும் ஒரு நாள் உண்டு, ‘வார்தா தியெனா’, பெயர் நாள். நாட்காட்டியில் தினமும் இரண்டு மூன்று பெயர்கள் அச்சிட்டிருக்கும். பிறந்தநாளுக்கு அழைத்தால்தான் போவார்கள், பெயர் நாளுக்கு அழைக்காமலே போகலாம். பூவோடு வந்து நிற்பார்கள், காப்பியும் கேக்கும் தயாராக இருக்கும். அலுவலகத்தில் மேசைமேல் சாக்லேட் பெட்டி திறந்து வைத்திருக்கும். மாராவின் நாள் மார்ச் 25, அந்த மங்கள வார்த்தைத் திருநாள்தான்.

1949 மார்ச் 25 விடிவதற்குள் சோவியத் படையினரும் உள்ளூர் ஆட்களும் பண்ணைவீடுகளின் கதவைத் தட்டினார்கள். அந்தச் சில நாட்களில் லாத்வியாவிலிருந்து மட்டும் 42,000க்கும் மேற்பட்டோர் சரக்கு ரயில் பெட்டிகளில் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். நிலத்தைக் கூட்டுப்பண்ணைக்குக் கொடுக்காத உழவர்களை ஒடுக்குவதும், காட்டில் ஒளிந்து போராடியவர்களின் குடும்பத்தை வேரறுப்பதும் நோக்கம். இன்று அந்த நாள் அரசு நினைவு நாள். வீடுகளில் கறுப்பு நாடா கட்டிய கொடி ஏற்றுவார்கள், ரீகாவின் விடுதலைச் சின்னத்தில் பூ வைப்பார்கள்.

நான் குடியிருந்த கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு மாரா இருந்தார், எழுபதைத் தாண்டியவர். முதல் வருடம் எனக்கு எதுவும் தெரியாது. காலையில் வாசலில் துக்கக் கொடியைப் பார்த்துவிட்டு, வாழ்த்துச் சொல்லலாமா கூடாதா என்று பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கதவைத் திறந்து பூவை வாங்கிக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். காலையில் அழுகிறோம், சாயங்காலம் கேக் சாப்பிடுகிறோம், இரண்டும் எங்களுக்கு வேண்டியதுதான் என்றார். அதற்குப்பின் ஒரு வருடமும் நான் தவறவிட்டதில்லை.

இந்தப் பெயரைப் பற்றி நினைக்கும்போது என்னை விட்டுப் போகாத இன்னொன்று, லாத்வியாவின் முன்னாள் அதிபர் வைரா வீக்யே-ஃப்ரெய்பெர்காவின் பிள்ளைப்பருவம். 1937இல் ரீகாவில் பிறந்தவர். போரின் முடிவில் பெற்றோர் அவரையும் கைக்குழந்தையான தங்கையையும் தூக்கிக்கொண்டு ஜெர்மனிக்குத் தப்பினார்கள். அகதி முகாமில் அந்தத் தங்கை இறந்துபோனாள். அவள் பெயர் மாரா. அங்கே படைவீரர்களால் சீரழிக்கப்பட்ட ஓர் இளம்பெண் பிள்ளை பெற்றாள், ஆனால் அதை ஏறெடுத்துப் பார்க்கவும் மறுத்தாள். செவிலியர்கள் அந்தக் குழந்தைக்கு மாரா என்று பெயர் வைத்தார்கள். வேண்டும் வேண்டும் என்று இருந்த மாரா போய்விட்டாள், யாரும் வேண்டாத மாரா பிறந்திருக்கிறாள் என்று ஏழு வயதுச் சிறுமி நினைத்ததை அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மொராக்கோ, பிறகு கனடா என்று போய், மொன்றியலில் உளவியல் பேராசிரியராகி, அங்கிருந்தபடியே தைனாக்களை ஆராய்ந்தார். 1999 முதல் 2007 வரை நாட்டின் அதிபர்.

லாத்கலேயில் ரெஸெக்னே என்ற ஊரின் நடுவே ஒரு வெண்கலச் சிலை உண்டு. ஒரு பெண் கையில் சிலுவையை உயர்த்திப் பிடித்து நிற்கிறாள். நினைவுச்சின்னத்தின் முறையான பெயர் ‘லாத்வியாவுக்காக ஒன்றாய்’. ஊரார் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘லாத்கலேயின் மாரா’ என்கிறார்கள். 1939இல் திறந்தார்கள். 1940இல் சோவியத் ஆட்சி இறக்கியது. 1943இல் மீண்டும் வைத்தார்கள். 1950இல் மீண்டும் இடித்து, அந்த இடத்தில் லெனினை நிறுத்தினார்கள். 1992 ஆகஸ்டில் மாரா திரும்பி வந்தாள். முதல் சிலையைச் செய்த கார்லிஸ் யான்சொன்ஸின் மகன்தான் புதியதைச் செய்தவர். அங்கிருந்து தெற்கே ஆக்லோனா என்ற ஊரின் வெள்ளைப் பேராலயத்துக்கு ஆகஸ்ட் 15 அன்று நாடெங்கிலுமிருந்து மக்கள் நடந்தே வருவார்கள். கத்தோலிக்கம் கலையாமல் நின்ற பகுதி அது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் கூட்டம் அந்நியமாக இருக்காது.

பாட்டிலும் அவள் இருக்கிறாள். 1981இல் ரைமொண்ட்ஸ் பவுல்ஸ் இசையமைத்து, லெயொன்ஸ் ப்ரியெதிஸ் எழுதிய ஒரு பாட்டு. மாரா பெண்ணுக்கு ஆயுளைத் தந்தாள், அதிர்ஷ்டத்தைத் தர மறந்துவிட்டாள் என்பதே அதன் கரு. அடுத்த ஆண்டு அதே மெட்டுக்கு வேறு வரிகள் போட்டு அல்லா புகச்சோவா ரஷ்ய மொழியில் பாடினார், ஒரு ஓவியனும் லட்சக்கணக்கான ரோஜாக்களும் என்று. சோவியத் நாடு முழுக்க, ஜப்பான்வரை அது போயிற்று. மெட்டை உலகம் அறியும், அதன் முதல் சொற்களில் இருந்த மாராவை லாத்வியர்கள்தான் அறிவார்கள்.

கடைசியாகக் காகித விவகாரம், அண்ணனுக்கு இது உதவும். லாத்வியாவில் எல்லாப் பெயரும் லாத்விய இலக்கணத்துக்குள் வர வேண்டும். ஆண்பெயர் பெரும்பாலும் ‘ஸ்’ ஒலியில் முடியும், பெண்பெயர் ‘அ’ அல்லது ‘எ’. குடும்பப் பெயரும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றாக மாறும். அண்ணன் கடவுச்சீட்டில் குமார் என்று இருந்தால் அங்கே குமார்ஸ் என்றும், மகளுக்குக் குமாரா என்றும் எழுத நேரலாம். ஜெர்மானியர் ஒருவரை மணந்த லாத்வியப் பெண் தன் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். 2004இல் நீதிமன்றம் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. மூல எழுத்துவடிவையும் கடவுச்சீட்டில் தனியே குறிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதை அண்ணன் மறக்கக் கூடாது. இந்திய ஆவணங்களில் தலைக்கோடு இருக்காது, இரண்டு தாளிலும் பெயர் வேறு வேறாகத் தெரியும். முதலிலேயே ஒரு சான்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இரட்டைப் பெயர் வைக்க அங்கே இடமுண்டு. அப்பத்தாவுக்கு மனக்குறை இருக்குமென்றால், மாராவுக்குப் பின்னால் அவர் விரும்பும் ஒரு தமிழ்ப் பெயரையும் சேர்த்துப் பதியலாம்.

மார்ச் 25க்கு அவளுக்குப் பூ அனுப்பச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும், மூன்றோ ஐந்தோ. இரட்டைப்படை அங்கே சாவுக்கு வைப்பது. வீடியோ அழைப்பில் கூப்பிடும்போது, அண்ணி கூப்பிடுவதுபோல் கடைசி ‘அ’ ஒலியையும் விட்டுவிட்டு “மார்!” என்று கூப்பிட்டுப் பாருங்கள், விளி வேற்றுமையில் அங்கே அப்படித்தான்.

பிள்ளைக்கு என் ஆசியைச் சொல்லுங்கள்.